தபால்பெட்டியில் நாலு பேர்

அத்தியாயம் 11

கனகலிங்கத்தின் குடும்பம் புது வீட்டுக்குப் போகிற சனிக்கிழமை ஒருவழியாக வந்து சேர்ந்தது.

ஒரு மாதமாக அந்த வீட்டில் வேறு பேச்சே இல்லை. ஜெர்மனியின் ஹம் நகரின் விளிம்பில், பழைய சுரங்க நிலத்தை நிரவிக் கட்டிய வரிசை வீடுகள். முன்னுக்குக் கையகலப் புல்தரை, பின்னுக்கு ஒரு கொட்டில். கம்பித் தொழிற்சாலையில் முப்பது வருடம் உழைத்து ஓய்ந்த கனகலிங்கத்துக்கு இது சின்ன விஷயம் இல்லை. கோயிலில் பார்க்கிற எல்லோரிடமும் சொல்லிவிட்டார்.

மருமகன் நிஷாந்தனுக்கும் அந்த வீட்டில் ஒரு நம்பிக்கை இருந்தது. தர்மிகாவைக் கட்டி, யாழ்ப்பாணத்துக் கரவெட்டியிலிருந்து இங்கே வந்தவன் அவன். வந்த நாள் முதல் மாமனார் வீட்டில்தான் வாசம். பாண் சுடும் தொழிற்சாலையில் அதிகாலை வேலை. தர்மிகா அவனோடு முகம்கொடுத்துப் பேசி ஆறு மாதம் ஆகிறது. ஏன் என்று கேட்டால், "ஒண்டுமில்லை" என்பாள். மாமி கமலநாயகிதான் ஒருநாள் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டே, "புது வீட்டுக்குப் போனால் எல்லாம் சரிவரும் மகன்" என்றாள். அதைப் பிடித்துக்கொண்டுதான் அவன் இத்தனை நாளும் இருந்தான்.

இன்னொன்றும் இருந்தது. மனைவியோடு சேர்ந்து மூன்று வருடம் வாழ்ந்தால்தான் இந்த நாட்டில் அவனுக்குச் சொந்தமாக விசா கிடைக்கும். அதற்கு இன்னும் இரண்டு மாதம் கிடந்தது. அதைப் பற்றி அவன் யாரோடும் பேசியதில்லை. விசாவுக்காக ஒட்டிக்கொண்டிருக்கிறான் என்று தர்மிகா நினைத்துவிடுவாளோ என்று பயம்.

காலையிலிருந்து அவன்தான் சுமந்தான். தர்மிகாவின் தம்பி கவிஷன் வான் ஓட்டினான். ஓட்டாத நேரத்தில் போனும் கையுமாக நின்றான்.

அந்த ஒழுங்கைக்குள் பத்து வீடுகள். தபால்காரர் ஒவ்வொரு வாசலுக்கும் வரமாட்டார். ஒழுங்கை தொடங்கும் இடத்தில், ஒரு சின்னக் கூரையின் கீழ், பத்து வீட்டுக்கும் சேர்த்துப் பத்துத் தபால்பெட்டிகளை ஒரே இரும்புச் சட்டத்தில் பொருத்தியிருந்தார்கள். நிஷாந்தன் குளிர்சாதனப் பெட்டியை வண்டியிலிருந்து இறக்கும்போது, ஹவுஸ்மைஸ்டர் சாவிக் கொத்தோடு அங்கே நின்றுகொண்டிருந்தார். அந்த வீடுகளைப் பராமரிக்கிற கிழவர். நீல மேலங்கி, காதில் ஒரு பென்சில்.

"ஐந்தாம் இலக்க வீடா?" என்று ஜெர்மனில் கேட்டார்.

"ஆம்."

"கொஞ்சம் இதைப் பிடியுங்கள். நேராக இருக்கவேண்டும். ஒன்று சரிந்தாலும் முழு வரிசையும் அசிங்கமாகத் தெரியும்."

நிஷாந்தன் கையைக் காற்சட்டையில் துடைத்துவிட்டுத் தகட்டைப் பெட்டியின்மேல் வைத்துப் பிடித்தான். கிழவர் முதல் திருகாணியை முறுக்கினார். பளபளப்பான அலுமினியத் தகடு. ஜெர்மன்காரர் வீட்டுக்கு ஒரு குடும்பப் பெயர் போதும். தமிழர் வீட்டில் தகப்பனுக்கு ஒன்று, தாய்க்கு ஒன்று என்று இருப்பதால், இதில் ஒவ்வொருவரின் பெயரையும் தனித்தனியாக வெட்டியிருந்தார்கள். கனகலிங்கம். கமலநாயகி. தர்மிகா. கவிஷன்.

தகட்டின் கீழ்விளிம்பு அவனுடைய பெருவிரலுக்குள் மறைந்திருந்தது. விரலை எடுத்துப் பார்த்தான். கீழே ஒன்றும் இல்லை.

"என் பெயர் விடுபட்டிருக்கிறது."

கிழவர் முறுக்குவதை நிறுத்தினார். "நீங்களும் இங்கேதான் இருக்கப் போகிறீர்களா?"

"ஆம். நான் தர்மிகாவின் கணவன்."

"எனக்கு நான்கு பேர் என்றுதான் எழுதித் தந்தார்கள்." அவர் தகட்டை விரலால் தட்டினார். "பெயர் இல்லாவிட்டால் உங்கள் கடிதத்தைத் தபால்காரர் போடமாட்டார், திருப்பி அனுப்பிவிடுவார். வீட்டை வாடகைக்கு எடுத்தவரோடு பேசுங்கள். அவர் சொன்னால் புதுத் தகடு வெட்டலாம்."

பிறகு மற்ற ஆணியைக் காட்டி, "இன்னும் கொஞ்சம் பிடியுங்கள்" என்றார்.

அவன் பிடித்தான்.

வானுக்குப் பக்கத்தில் நின்ற கவிஷனிடம் போனான். "கவிஷன், பெட்டியில என்ர பேர் இல்லை."

கவிஷன் போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "தகடு சின்னது அத்தான். பிறகு பாப்பம்."

"தகட்டில இடம் கிடக்குதே."

"அத்தான், ஃபிரிட்ஜ் வெயிலுக்க நிக்குது. ஒருக்காப் பிடியுங்கோ."

கவிஷன் சொன்ன மாதிரித்தான் இருக்கும் என்று அவன் தன்னைத் தேற்றிக்கொண்டான். மாமா வயதானவர், மறந்திருப்பார். இரவு சாப்பாட்டுக்குப் பிறகு மெல்லக் கேட்கலாம்.

மேல்மாடியில் மூன்று அறை. கடையிலிருந்து நேரே வந்திறங்கிய ஒற்றைக் கட்டிலை அவன் நடு அறையில் துண்டு துண்டாகப் பொருத்திப் பூட்டினான். கவிஷனுக்கு என்று நினைத்துத்தான் பூட்டினான். கால்களைத் திருப்பி நிறுத்தி மெத்தையைப் போட்டபோது தர்மிகா உள்ளே வந்து, கையிலிருந்த தன் தலையணையை அதன்மேல் வைத்தாள். பிறகு ஜன்னல் பக்கம் போய்த் திரைச்சீலைக்கு அளவு பார்த்தாள்.

"இது உம்மட அறையோ?"

"ஓம்."

"கட்டில் ஒராளுக்கு உள்ளது."

அவள் அளவு நாடாவைச் சுருட்டினாள். "சாமான் எல்லாம் வந்திட்டுதோ எண்டு கவிஷனிட்டக் கேளுங்கோ. நான் வானைத் திருப்பிக் குடுக்கவேணும்."

கீழே இறங்கினான். வான் காலியாக இருந்தது. கவிஷன் பின்கதவைச் சாத்திக்கொண்டிருந்தான்.

"என்ர பெட்டி எங்க? கறுப்புப் பெட்டி. வாசலில எடுத்து வைச்சனான்."

கவிஷன் கதவைப் பூட்டிவிட்டு அக்காவைப் பார்த்தான். அவள் படியில் நின்றாள்.

"அது அங்கதான் இருக்கு" என்றாள் தர்மிகா. "அப்பா உங்களோட கதைப்பார்."

கனகலிங்கம் கூடத்தில், பொதிகளுக்கு நடுவே, இருந்த ஒரே ஒரு கதிரையில் உட்கார்ந்திருந்தார். நிஷாந்தன் முன்னால் போய் நின்றான். அவர் அவனைப் பார்க்காமல், சுவரோரம் பாதி நின்ற பெரிய உடுப்பு அலுமாரியைப் பார்த்தார். அதற்கு இன்னும் கதவு போடவில்லை.

"தம்பி, முதல் அந்த அலுமாரியை முடிச்சுவிடும். பிறகு ஆறுதலாக் கதைப்பம்."

நிஷாந்தன் முடித்தான். ஏன் முடித்தேன் என்று அதற்குப் பிறகு எத்தனையோ தடவை தன்னையே கேட்டிருக்கிறான். அந்த நேரத்தில் கைக்கு ஒரு வேலை தேவைப்பட்டது. கதவுகள் இரண்டையும் கீல் போட்டு மாட்டினான். ஒன்று கொஞ்சம் உரசியது. அதையும் கழற்றிச் சரிசெய்தான். கனகலிங்கம் எழுந்து வந்து திறந்து மூடிப் பார்த்தார்.

"நல்லாப் பூட்டியிருக்கிறீர்" என்றார். "நீர் நல்ல பிள்ளை தம்பி. உம்மில ஒரு குறையும் நான் சொல்லமாட்டன்."

"அப்ப ஏன் மாமா என்ர பெட்டியை விட்டிட்டு வந்தனீங்கள்?"

"தர்மிக்கு உம்மோட வாழ ஏலாதாம்."

அவர் சொல்வது அவ்வளவுதானா என்று நிஷாந்தன் காத்துக்கொண்டு நின்றான். அவர் மறுபடி கதிரையில் உட்கார்ந்தார்.

"பழைய வீட்டு வாடகை மாதக் கடைசி வரைக்கும் குடுத்தாச்சு. நீர் அங்க இரும். ஆரும் உம்மை ரோட்டில விடேல்லை."

"மாமா, இன்னும் ரெண்டு மாதம். ரெண்டே மாதம் பொறுத்தியளெண்டால் எனக்கு விசா சொந்தமா வந்திடும். பிறகு நானாப் போயிடுவன். இந்த ஊரிலயும் இருக்கமாட்டன். ஹனோவரில கூட்டாளி ஒருத்தன் இருக்கிறான். அங்க போயிடுவன்."

கனகலிங்கம் அதை யோசிப்பதுபோல நாடியைத் தடவினார். அவன் மனதில் ஒரு சின்ன வெளிச்சம் விழுந்தது.

"ஹனோவர் தூரமில்லைத் தம்பி" என்றார். "கோயில் தேருக்கு ஒரு றெயினில வந்திறங்குவீர். நானும் நிப்பன், தர்மியும் நிப்பாள். சனம் உம்மையும் பாக்கும், அவளையும் பாக்கும். வருசா வருசம் கேக்கும். நீர் ஊருக்குப் போனீரெண்டால் கதை ஒருநாளோட முடிஞ்சுது."

நிஷாந்தனுக்கு அப்போதுதான் முழுதாக விளங்கியது. தர்மிகா அவனை வேண்டாம் என்கிறாள், அது ஒரு விஷயம். ஆனால் இவர்கள் நாள் பார்த்துத்தான் வீடு மாறியிருக்கிறார்கள். மூன்று வருடம் நிறைவதற்குள் குடும்பம் ஒரு கூரையின் கீழும் அவன் வேறு கூரையின் கீழும் இருக்கவேண்டும். அதற்குத்தான் அந்தத் தகட்டில் நாலு பேர்.

மாடிப்படியில் ஏறினான்.

தர்மிகா அந்த ஒற்றைக் கட்டிலில் உட்கார்ந்து துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். அவனைக் கண்டு எழும்பவில்லை, பயப்படவும் இல்லை.

"உமக்கு இது தெரியுமோ?"

"ஓம்."

"விசா விஷயமும்?"

"அது அப்பான்ர யோசனை." ஒரு சட்டையை மடித்து வைத்தாள். "நான் வேண்டாம் எண்டு சொல்லேல்லை."

"நான் உமக்கு என்ன செய்தனான் தர்மி?"

"ஒண்டும் செய்யேல்லை. அதுதான் பிரச்சினை." அவள் முதல் தடவையாக அவனை நிமிர்ந்து பார்த்தாள். "கலியாணம் பேசேக்க எனக்கு முப்பத்தொரு வயசு. அப்பா அழுதார். நான் ஓம் எண்டன். என்ர பிழை. நான் உங்களை வெறுக்கேல்லை, அப்பிடி நினைக்கவேண்டாம். ஆனா நீங்கள் ஒவ்வொண்டுக்கும் 'சரியோ, சரியோ' எண்டு கேப்பீங்கள். சாப்பாடு சரியோ, லைட்டை அணைக்கட்டோ, சரியோ. அதைக் கேக்கேக்க எனக்கு உடம்பெல்லாம் எரியும்."

"அதுக்காகவோ?"

"அதுக்காகவும்."

அவன் சொல்ல வாயெடுத்தான். தொண்டைவரை வந்து நின்றது 'சரி' என்ற சொல். அதை விழுங்கிக்கொண்டு இறங்கினான்.

வாசலில் கமலநாயகி நின்றாள். அழுதிருக்கிறாள் என்று தெரிந்தது. கையில் பழைய ஐஸ்கிறீம் டப்பா ஒன்று. புட்டும் கோழிக்கறியும். இன்னும் சூடு ஆறவில்லை. இந்தக் குடும்பத்தில் அவன் வேலையால் வரும்வரை சாப்பிடாமல் காத்திருந்தவள் இவள் ஒருத்திதான். அவள் ஏதாவது சொல்வாள் என்று நின்றான்.

"மகன்" என்றாள் அவள், குரலைத் தாழ்த்தி. "ஆரும் கேட்டால் நீங்களாத்தான் போனனீங்கள் எண்டு சொல்லுங்கோ. உங்களுக்கு ஆம்பிளைப்பிள்ளைக்கு ஒண்டுமில்லை. அவளின்ர வாழ்க்கை இருக்கு."

"மாமி, நீங்களுமோ?"

"எனக்கு அவள் ஒருத்திதானே பொம்பிளைப்பிள்ளை."

டப்பாவை அவன் கையில் திணித்துவிட்டு உள்ளே போனாள். கதவு மெல்ல மூடிக்கொண்டது. உள்ளே பூட்டு விழுந்தது.

ஒழுங்கை முகப்பில், தபால்பெட்டிகளுக்கு முன்னால், ஒரு தமிழ்ப் பெண் தன் பெட்டியைத் திறந்து விளம்பரக் கடதாசிகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். முதியோர் இல்லத்தில் வேலை செய்பவர்கள் போடும் வெள்ளைச் சப்பாத்து. பெட்டியில் ஞானமலர் என்று இருந்தது. அவனைக் கண்டதும் சிரித்தாள்.

"தம்பி, காலமையில இருந்து ஜன்னலால பாத்துக்கொண்டிருக்கிறன். அந்த வீட்டுச் சாமான் முழுக்க நீங்கள் ஒராள்தான் தூக்கினீங்கள். எங்க வேலை செய்யிறனீங்கள்? அடுத்த மாதம் என்ர தங்கச்சியும் வீடு மாறுறா. அவவுக்கும் வந்து ஏத்தித் தருவீங்களோ?"

"நான் கூலிக்கு வரேல்லை அக்கா. நான் அந்த வீட்டு மருமகன்."

ஞானமலரின் சிரிப்பு அப்படியே நின்றது. ஐந்தாம் இலக்கப் பெட்டியைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள்.

"மருமகனோ? கனகலிங்கண்ணையின்ர மருமகன் விட்டிட்டுப் போயிட்டார் எண்டெல்லோ கதை?"

"ஆர் சொன்னது?"

"அவர்தான். வீடு பாக்க வந்த நேரம். மகள் பாவம், மாப்பிள்ளை விட்டிட்டு ஓடிட்டான், இடம் மாறினால் அவளுக்கும் ஆறுதலா இருக்கும் எண்டவர்."

வீடு பார்க்க வந்த நாள் நிஷாந்தனுக்கு நினைவிருந்தது. அன்று மாமாவுக்கு முழங்கால் வலி. பின்னேரம் எண்ணெய் தேய்த்துவிட்டவன் அவன்தான்.

"அக்கா, நான் ஓடேல்லை. இண்டைக்குக் காலமை இஞ்ச குடிவந்தனான். நீங்களே பாத்தனீங்கள். விசா அலுவலகத்தில கேட்டால் அதைச் சொல்லுவீங்களோ?"

அவள் கடதாசிகளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். பெட்டியைப் பூட்டினாள்.

"நான் பக்கத்து வீட்டில சீவிக்கவேணும் தம்பி. நான் ஒண்டும் பாக்கேல்லை."

வெள்ளைச் சப்பாத்து வேகமாக நடந்து ஆறாம் இலக்க வாசலுக்குள் போனது.

பழைய வீடு நகரின் மறுபக்கம். பஸ்ஸில் புட்டு டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு போனான். பசி இருந்தது. அவர்கள் தந்ததைத் தின்னக் கூடாது என்று நினைத்தான். இரண்டு பஸ் தரிப்பு கடந்ததும் மூடியைத் திறந்து கையால் தின்றான். மாமியின் கறி எப்போதும்போல நன்றாகத்தான் இருந்தது. அதுதான் அவனை அழவைத்தது.

நாலு மாடி வீடு. கீழ்வாசலுக்கு உள்ளே சுவரில் தபால்பெட்டிகள். வந்த புதிதில் அவர்களுடைய பெட்டியில் தன் பெயரை ஒரு கடதாசித் துண்டில் எழுதி அவனே ஒட்டியிருந்தான். அப்போதும் அவர்கள் எழுதவில்லை என்பது இப்போதுதான் உறைத்தது.

பெட்டிக்கு முன்னால் நின்றான்.

கனகலிங்கம் என்ற பெயர் இல்லை. கமலநாயகி, தர்மிகா, கவிஷன், ஒருவரும் இல்லை. சுரண்டி எடுத்த இடத்தில் பசை வெள்ளையாகக் கிடந்தது. அவனுடைய துண்டை மட்டும் விட்டிருந்தார்கள். அது சரியாமல் இருக்க, மேலே புதிதாக ஒரு பசைநாடாவும் ஒட்டியிருந்தார்கள்.

பெட்டி முழுக்க இப்போது அவனுக்கு. யார் வந்து பார்த்தாலும் தெரியும்: குடும்பம் போய்விட்டது, இவன் தனியே இருக்கிறான், பிரிந்துவிட்டார்கள். அவனே தன் கையால் எழுதிக் கொடுத்த சாட்சி.

துண்டைக் கிழித்து எறியலாம். எறிந்தால் வெளிநாட்டவர் அலுவலகத்திலிருந்து வருகிற கடிதம் திரும்பிப் போகும். இருக்கிற விசாவும் போகும். விட்டுவைத்தால் அவர்கள் சொல்கிற கதைக்கு அவனே பெயர் போட்டுக் கொடுத்ததாகும். இந்த நாட்டில் ஒரு மனிதன் எங்கே இருக்கிறான் என்று கேட்டால் முதலில் பார்ப்பது இந்தப் பெட்டியைத்தான்.

மேலே போனான். காலியான வீடு. அவனுடைய காலடிச் சத்தம் சுவருக்குச் சுவர் போய் வந்தது. நடுக்கூடத்தில் அவனுடைய கறுப்புப் பெட்டி. அதை எடுத்துக்கொண்டு மறுபடி கீழே வந்தான். எங்கே போவது என்று தெரியாமல்தான் வந்தான். தபால்பெட்டிக்கு முன்னால் பெட்டியை வைத்துவிட்டு, துண்டின் மூலையில் நகத்தை வைத்தான்.

போன் அடித்தது. மாமி.

"மகன்." அவளுக்கு மூச்சு வாங்கியது. "மகன், குசினிக்க முழுக்கத் தண்ணி. வாஷிங் மெஷினுக்குப் பின்னால இருந்து அடிக்குது. எதைப் பூட்டுறது எண்டு ஒருத்தருக்கும் விளங்கேல்லை. ஹவுஸ்மைஸ்டரும் போன் எடுக்கிறாரில்லை."

பின்னால் கனகலிங்கத்தின் சத்தம் கேட்டது. கவிஷன் யாரையோ துவாய் கொண்டுவரச் சொன்னான். "அவனைக் கேளுங்கோ அம்மா" என்றது தர்மிகாவின் குரல். மூன்று வருடத்தில் அவளுக்கு அவன் தேவைப்பட்ட முதல் சந்தர்ப்பம் இதுவாக இருக்கலாம்.

சமையலறைச் சிங்குக்குக் கீழே, இடப்பக்கம், நீலக் கைபிடி. வலப்பக்கமாக ஒரு திருகு திருகினால் போதும். காலையில் மெஷினை இணைத்தவன் அவன். ஒரு வரியில் சொல்லிவிடலாம்.

"மகன், கேக்குதோ?"

"கேக்குது மாமி." அவன் குரல் அவனுக்கே அந்நியமாக இருந்தது. அவ்வளவு நிதானமாக அவன் யாரோடும் பேசியதில்லை. "வாயால சொல்ல ஏலாது. நான் வந்துதான் பாக்கவேணும்."

அந்தப் பக்கம் யாரோ போனைக் கையால் பொத்திப் பேசினார்கள்.

"சரி மகன். கெதியா வாங்கோ."

"கதவைத் திறந்து வையுங்கோ. நான் வரேக்க என்ர பெட்டியையும் கொண்டு வாறன்."

போனை வைத்தான். பெயர்த் துண்டை ஒரே இழுப்பில் உரித்து, கிழியாமல், போனின் முதுகில் ஒட்டினான். எங்கே ஒட்டப்போகிறோம் என்று அவனுக்கே இன்னும் தெரியாது. கறுப்புப் பெட்டியை இழுத்துக்கொண்டு தெருவைக் கடந்தான்.

தரிப்பில் பஸ் நின்றது. கதவு திறந்திருந்தது. சாரதி கண்ணாடியில் அவனைப் பார்த்து, ஏறுகிறாயா என்பதுபோலக் கையைக் காட்டினார். அடுத்தது வர அரை மணித்தியாலமாகும்.

நிஷாந்தன் தலையை ஆட்டி, வேண்டாம் என்றான். பஸ் போனது. அவன் பெட்டியைச் சாய்த்து வைத்து அதன்மேல் உட்கார்ந்தான்.

இன்னும் அரை மணித்தியாலம் ஓடட்டும் தண்ணி, என்று நினைத்தான்.